கிரிப்டோ பணப்பை: பரவலாக்கப்பட்ட செயலிகளில் பாதுகாப்பு

கிரிப்டோ பணப்பைக்குள் நாணயம் எதுவும் இல்லை. அது பிளாக்செயினில் பதிவாக இருக்கிறது. பணப்பை காப்பது அதைச் செலவழிக்கும் தனிச்சாவியை. 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரிலிருந்தே சாவி பிறப்பதால், பணப்பையை மீட்கும் நேரம் தவிர அதை எங்கும் உள்ளிடக் கூடாது.

மெட்டாமாஸ்க் போன்ற பணப்பையைச் செயலியோடு இணைத்தால் முகவரியும் இருப்பும் மட்டுமே தெரியும். ஆபத்து கையொப்பத்தில்தான். டோக்கனை எடுத்துக்கொள்ளச் செயலிகள் பல வேளை வரம்பற்ற அனுமதி கேட்கின்றன. இணைப்பைத் துண்டித்தாலும் அந்த அனுமதி நீடிக்கும். பலர் அறியாதது இதுதான். ஈதர்ஸ்கேன், ரிவோக்.கேஷ் போன்ற தளங்களில் சிறு கட்டணம் செலுத்தித் தனியாக ரத்து செய்ய வேண்டும். சேமிப்புக்கு ஒரு பணப்பை, புதிய செயலிகளுக்குச் சிறுதொகையோடு இன்னொன்று என்பது நல்ல வழக்கம்.

வல்லுநர்களும் ஏமாந்ததுண்டு. 2024 ஜூலை 18 அன்று இந்தியப் பரிமாற்றகமான வாசிர்எக்ஸ் சுமார் 23 கோடி டாலரை இழந்தது. பலர் கையொப்பமிட்டால் மட்டுமே திறக்கும் பணப்பை அது. திரையில் தெரிந்த பரிவர்த்தனை வேறு, கையொப்பமானது வேறு என்றது நிறுவனம். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் வடகொரியாவைக் குற்றஞ்சாட்டின.

பிளாக்செயினில் நடந்த பரிமாற்றத்தைத் திருப்ப வங்கி இல்லை. ஆயினும் விரைந்து புகார் செய்தால் பரிமாற்றகத்துக்குள் வந்த தொகையையாவது முடக்க வாய்ப்புண்டு. நாடெங்கும் இதற்கான உதவி எண் 1930.