1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளும்

பாடசாலைக் கல்வியின் முடிவில் வழங்கப்படும் சான்றிதழ் மாணவனின் அறிவை அளப்பதோடு அமைவதில்லை. அவன் இனிச் செல்லக்கூடிய வழிகளையும் அதுவே வரையறுக்கின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வுண்மை மிக முன்னரே உணரப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியும், 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் நோக்கத்தால் வேறுபட்டனவாயினும், கல்வியை மதிக்கும் ஒரு சமூகத்தை உருவாக்குவதில் இரண்டும் பங்கு கொண்டன. ஆங்கிலம் கற்றோர் இலங்கையிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகம் பெற்றபோது, பரீட்சைச் சித்தி குடும்பத்தின் முதுசொம்முக்கு நிகராகக் கருதப்பட்டது.

இத்தகைய சமூகத்தில் பரீட்சை முறையை மாற்றுவது எளிதன்று. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், கல்வி அமைச்சர் பதியுதீன் மஃமூத்தின் காலத்தில், அம்மாற்றத்தை மேற்கொண்டது. 1971 ஏப்பிரில் கிளர்ச்சி படித்த இளைஞரின் வேலையின்மையை நாட்டுக்கு உணர்த்தியிருந்தது. அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவும், இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய தொழில்களுக்கும் இடையிலான இடைவெளியைச் சுட்டிக்காட்டியது.

சீர்திருத்தம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரணதரப் பரீட்சைக்குப் பதிலாக, 9ஆம் வகுப்பின் முடிவில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை வகுக்கப்பட்டது. கலை, விஞ்ஞானம் என இளவயதிலேயே மாணவரைப் பிரிக்கும் வழக்கம் நீக்கப்பட்டு, கணிதமும் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் சமூகக் கல்வியும் அனைவர்க்கும் பொதுவாயின. இவற்றோடு தொழில் முன்னிலைப் பாடங்கள் இரண்டும் சேர்க்கப்பட்டன. முதற் பரீட்சை 1975இல் நடைபெற்றது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் தொழில் முன்னிலைப் பாடங்களே கூர்ந்து நோக்கத்தக்கவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலம் அது. தோட்டத்தில் தண்ணீர் மாறிப் பழகிய பிள்ளைக்கு விவசாயம் புதியதன்று. கடலோரக் கிராமத்துப் பிள்ளைக்கு மீன்பிடியும் அவ்வாறே. ஆயினும் அப்பிள்ளையைப் பெற்றோர் பாடசாலைக்கு அனுப்பியது, தோட்டத்தையும் கடலையும் விட்டு உயர்வதற்கேயாம். இம்மனப்பான்மையை யாழ்ப்பாணத்தாரின் தனிக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1930களில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கப்பெற்ற கிராமியக் கல்வித் திட்டமும் நிலைபெறவில்லை. கானாவின் அனுபவத்தை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் 1965இல் கூறிய முடிபும் இதுவே: உத்தியோகமும் ஊதியமும் ஏட்டுக் கல்விக்கே கிடைக்குமாயின், பெற்றோர் அதனைத் தேர்தல் அறியாமையன்று.

மேலும், சீர்திருத்தம் வந்த காலமும் அதற்கு இடையூறாயிற்று. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவழித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டன. விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களின் வாயில் ஒடுங்கியதைக் கண்ட தமிழ்ப் பெற்றோர், அவ்வரசாங்கமே தம் பிள்ளைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தபோது, அதை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. எல்லார்க்கும் விஞ்ஞானம் என்ற நற்கொள்கையும் அந்த ஐயத்தின் நிழலில் மறைந்தது.

பாடசாலைகளின் ஆயத்தமும் இங்கு எண்ணத்தக்கது. பௌதிகமோ இரசாயனமோ தனித்துக் கற்பித்துவந்த ஆசிரியர் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் முழுவதையும் கற்பிக்க வேண்டியவரானார். தொழில் முன்னிலைப் பாடங்களுக்கோ, தொழிலறிந்த ஆசிரியரும் கருவிகளும் பட்டறைகளும் வேண்டியிருந்தன. ஆய்வுகூட வசதி படைத்த பெரிய கல்லூரிகளுக்கும் தீவுப்பகுதிச் சிறு வித்தியாலயங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைப் பாடத்திட்டம் ஒன்றாலே அகற்றிவிட இயலாது. பரீட்சையின் பெயரை ஒரு சுற்றறிக்கையால் மாற்றலாம். ஆசிரியரை அவ்வாறு ஆக்குதல் அரிது.

1977இல் ஆட்சி மாறியது. புதிய பரீட்சைகள் கைவிடப்பட்டு, சாதாரணதரமும் உயர்தரமும் மீண்டன. முழுப் பயனும் காணுமுன்னரே ஒரு முயற்சி முடிவுற்றது. எனினும் அனைவர்க்கும் கணிதமும் விஞ்ஞானமும் என்ற கொள்கை மறையாது நிலைத்தது. தொழில்சார் கல்வியின் தேவையும் தீரவில்லை என்பதற்கு, 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை ஆரம்பிக்கப்பட்டமை சான்றாகும்.

இதனால் அறியப்படுவது யாது? கைத்தொழிலறிவு இழிந்ததென்பதால் 1972ஆம் ஆண்டு முயற்சி தோற்கவில்லை. தொழிற்கல்வி பெற்றவனுக்கு மதிப்புள்ள வாழ்வு வெளியே ஆயத்தமாக இருக்கவில்லை. உயர்கல்வி வாயில் நேர்மையாகத் திறந்திருக்கிறதென்ற நம்பிக்கையும் அவனுக்கு இருக்கவில்லை. சான்றிதழை அச்சிடுவது அரசாங்கம். அதன் பெறுமதியை நிர்ணயிப்பது சமூகம். இவ்விரண்டும் இணங்காதவரை எந்தச் சீர்திருத்தமும் வேர்கொள்ளாது.