முதலையும் வழிப்போக்கரும்

கொழும்பு மாநகரின் வடபால், கொட்டாஞ்சேனைக்கு அயலிற் கிம்புலா எல என்றொரு பகுதி உளது. நெருங்கிய வீடுகளும் ஓயாத வண்டிகளும் நிறைந்த அவ்விடத்தைக் கடந்து செல்வோருள் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. சிங்கள மொழியிற் 'கிம்புலா' என்பது முதலை. 'எல' என்பது ஓடை. முதலையோடை என்பதே அப்பெயரின் பொருளாம். மாநகரின் தென்பாலிலோ இதற்கு மாறான காட்சி. வெள்ளவத்தை என்னும் பெயரில் முதலை இல்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளவத்தை, தெகிவளைக் கடற்பரப்பில் முதலையே தோன்றியது. 2022 சனவரியில், தெகிவளைக் கடலில் மூழ்கிச் சென்ற ஒருவர் முதலையாற் கொல்லப்பட்டார். நகருக்குள் முதலை புகுந்துவிட்டதென மக்கள் அஞ்சினர். முதலை நகருக்குட் புகுந்ததா, அன்றி நகர்தான் முதலையின் உறைவிடத்துட் புகுந்ததா என்பது, வரலாற்றை நோக்கி விடைகாணத்தக்க வினாவாகும்.

நீர்நிலைகளை அடுத்து வாழ்ந்த பண்டைத் தமிழர் இவ்விலங்கை நன்கறிந்திருந்தனர். முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு ஒருங்கே கூறுகின்றது. வேறுபாடு கண்டாலன்றி வெவ்வேறு பெயர் தோன்றாது. முதலையின் பிடியில் அகப்பட்ட யானையைத் திருமால் காத்த கதையும், முதலை விழுங்கிய பாலனை அவிநாசியிற் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்ட வரலாறும் நம்மவர் நெஞ்சில் நிலைபெற்றவை. மட்டக்களப்பின் படுவான்கரையில் முதலைக்குடா என்னும் ஊர் இன்றும் உளது. இலங்கையில் வாழும் முதலைகள் இருவகையின. வறண்ட நாட்டுக் குளங்களிலும் ஆறுகளிலும் வாழ்வது குளத்து முதலை; ஆற்று முகங்களையும் களப்புகளையும் சதுப்பு நிலங்களையும் நாடி, வேண்டும்போது கடலிலும் நீந்திச் செல்வது உவர்நீர் முதலை. பின்னது அளவிற் பெரிது. ஐந்து மீற்றருக்கு மேலும் வளரவல்லது. வெள்ளவத்தையிற் கடலில் தோன்றியது இவ்வினத்தின் இயல்புக்கு முற்றும் இயைந்ததே.

இத்தீவுக்கு வந்த வழிப்போக்கர் முதலையை முதலிற் கண்டது அச்சக் கண்ணாலாகும். 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரத்திற் சிறைப்பட்டுக் கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் தோழர் ஒருவருடன் தப்பியோடினார். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டினூடு நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அவ்விருவரும் அடைந்தனர். தமிழர் அருவியாறு என வழங்கும் அவ்வாறு வழிநெடுக முதலைகளால் நிறைந்திருந்ததென, 1681இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். பின்னே அரசனின் காவலர், முன்னே முதலையும் கரடியும். அந்நிலையில் முதலையை வியந்து நோக்க அவருக்குப் பொழுதேது?

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண் மாறியது. துப்பாக்கியுடன் வந்த ஆங்கிலேயருக்கு முதலை வேட்டைப் பொருளாயிற்று. நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1850களில் வெளியிட்ட வேட்டை நூல்கள் இம்மனப்போக்குக்குச் சான்றாவன. அதே காலத்தில் ஆராய்ச்சிக் கண்ணும் திறந்தது. 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற், குளங்கள் வற்றுங்காலத்து முதலை சேற்றினுட் புதைந்து மழை வரும்வரை கிடக்கும் என்பதைப் பதிவு செய்தார். கூடாரத்தில் உறங்கிய ஒருவரின் கட்டிலுக்கடியில் இரவிலே நிலம் அசைந்ததையும், மறுநாள் ஆங்கிருந்து ஒரு முதலை வெளிப்பட்டதையும் அவர் கூறுகின்றார்.

தெனன்ற் தரும் பிறிதொரு செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. பெந்தோட்டை ஆற்றொடு கலக்கும் மகுரு கங்கையின் மேல் நீண்ட ஒரு மரக்கிளையில் அமர்ந்து ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்; தூறலுக்காகச் சாக்கொன்றைத் தலையில் மடித்துப் போட்டிருந்தான். காட்டிலிருந்து பாய்ந்த சிறுத்தை அவனைத் தவறவிட்டுச் சாக்கைப் பற்றி ஆற்றில் வீழ்ந்தது. கீழே காத்திருந்த முதலை சிறுத்தையை இழுத்துச் சென்றது. படிப்போர் வியக்கும் கதைதான். ஆயினும், மேலே சிறுத்தையும் கீழே முதலையும் இருக்க, ஒருவேளை உணவுக்காக அக்கிளையில் அமர்ந்தவன் யார்? மறுநாளும் அவன் அங்கே வந்தானா? வழிப்போக்கர் விலங்கைக் கண்டனர். விலங்கோடு நாடோறும் வாழ்ந்தவனைக் காணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் காவற் கண் தோன்றியது. 1894இல் வேட்டைக்காரர் சிலரே ஒன்றுகூடி விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 1949இல் வனவிலங்குத் திணைக்களம் நிறுவப்பட்டது. இன்று இருவகை முதலைகளும் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. துப்பாக்கி இருந்த கையிற் புகைப்படக் கருவி வந்தது. யாலையின் குளக்கரைகளிலும், பெந்தோட்டை ஆற்றிலும், பலப்பிட்டி மாது கங்கையிலும் படகிலும் வண்டியிலும் அமர்ந்து வெளிநாட்டார் முதலையைக் காண்கின்றனர். பலருக்கு இதனாற் பிழைப்பும் உண்டாயிற்று. எனினும் காட்சிப் பொருளாயினமையால் முதலை தன் இயல்பை விட்டுவிடவில்லை. 2017 செத்தெம்பரில் அறுகம்பை அருகே, களப்பொன்றின் கரையில் இங்கிலாந்துப் பத்திரிகையாளர் ஒருவர் முதலைக்கு இரையானார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆற்றிற் குளிக்கவும் துணி துவைக்கவும் சென்று மாண்ட உள்நாட்டாரின் செய்தியோ ஊரெல்லையைத் தாண்டுவது அரிது.

இவ்விடத்து மாத்தறைப் பகுதி மக்களின் வழி நினைக்கத்தக்கது. நில்வளா கங்கையிற் குளிக்கும் துறைகளில், நீரினுள் மரக்கம்புகளை நெருக்கமாய் நட்டு வேலி அமைப்பர். 'கிம்புல் கொட்டுவ', அதாவது முதலைக் கோட்டை, என்பது அதன் பெயர். பிற்காலத்தில் இரும்பாலும் அமைக்கலாயினர். வேலிக்குள் மனிதன், வேலிக்கு வெளியே முதலை. ஒன்றையொன்று அழிக்காமல் இரண்டும் ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொள்ள இவ்வெளிய முறை வகைசெய்கின்றது. எல்லையறிந்து வாழ்தல் என்பது இதுவே. படகிலிருந்து இறைச்சி எறிந்து முதலையை அழைப்பதும், கழிவுணவை வாய்க்காலிற் கொட்டுவதும் இவ்வெல்லையைக் குலைப்பனவாம். மனிதனிருக்குமிடத்து உணவுண்டு என்று அவ்விலங்குக்கு நாமே கற்பிப்பனவாம்.

கொழும்பின் நிலையும் இதனால் விளங்கும். தியவன்னா ஓயா, பொல்கொடை ஏரி, அத்திடியச் சதுப்பு ஆகியன முதலைகள் உறையும் இடங்கள். நகரின் சதுப்புகளிலிருந்து வரும் நீர் வெள்ளவத்தை, தெகிவளை வாய்க்கால்கள் வழியே கடலிற் கலக்கின்றது. நீர் செல்லும் வழி முதலைக்கும் வழியே. சதுப்பைத் தூர்த்து வீடமைத்தோர் நாம். பழைய வழியில் நடமாடுவது அது. 2018இல் கொழும்பு, உலகின் ஈரநில நகரங்களுள் ஒன்றாக றம்சார் உடன்படிக்கையின்கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்பெருமையை விரும்பும் நகரம், ஈரநிலத்தின் பழங்குடியை மட்டும் வெறுத்தல் முறையாகாது.

அஞ்சிய கண், சுட்ட கண், ஆராய்ந்த கண், காத்த கண் எனக் காலந்தோறும் வழிப்போக்கரின் கண் மாறிற்று, முதலை மாறவில்லை. வழிப்போக்கர் கண்டு செல்வர். ஆற்றங்கரையிலும் வாய்க்காற்கரையிலும் நிலைத்து வாழ்வோரே அதனோடு வாழவேண்டியவர். அவர்க்கு வேலியும் அறிவும் உரிய காலத்தில் எச்சரிக்கையும் அளித்தல் அரசினதும் கற்றோரினதும் கடன். கொட்டாஞ்சேனையின் முதலையோடை இன்று வெறும் பெயராய் நிற்கின்றது. நாடெங்குமுள்ள நீர்நிலைகளும் அவ்வாறு பெயரளவில் எஞ்சாதிருக்க வேண்டுமாயின், நில்வளாக் கரையில் எளியோர் நட்ட கம்புகள் கூறும் பாடத்தை மாநகரும் கற்றல் வேண்டும்.