முட்டைக்கோஸ் புழுவும் நம்ம ஆன்டிபயாடிக் மாத்திரையும்

ஊட்டியிலிருந்து மலை ரயிலில் வந்தா, லவ்டேல் தாண்டி கேத்தி பக்கம் இறங்கும்போது படிப்படியா காய்கறித் தோட்டம் தெரியும். அங்க முட்டைக்கோஸ்ல ஓட்டை போடுற சின்னப் பச்சைப் புழுவோட வரலாறு இது. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. படிங்க.

பேரு வைரமுதுகு அந்துப்பூச்சி. இறக்கையை மடக்கினா முதுகில் வைர வடிவம். இந்தியாவில் 1914-லேயே பதிவானது. உலகப் போருக்கு அப்புறம் டி.டி.டி. வந்துச்சு. மலேரியா கொசுவுக்கு அடிச்சோமே, அதே மருந்து. 1953-ல் ஜாவாவில் இந்தப் புழு டி.டி.டி.க்கு அசரலைன்னு பதிவாச்சு. பயிர்ப் பூச்சிகளில் இதுதான் முதல்னு சொல்றாங்க. 1960-களில் பஞ்சாப்பிலும் அதே கதை. 1990-ல் ஹவாயில், பி.டி. என்கிற பாக்டீரியா மருந்தையும் ஜெயிச்சிருச்சு.

எப்படி? மருந்து பலவீனமான புழுவைக் கொல்லும். தாங்குற நாலு புழு தப்பிச்சு முட்டையிடும். அடுத்த தலைமுறை முழுக்க அதுங்க பிள்ளைங்க. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வர்றவங்களுக்கு நான் சொல்றதும் இதே கணக்குதான் (கேட்கிறதில்லைங்கிறது வேற விஷயம்).

இன்னொரு வழியும் இருந்துச்சு. டயடெக்மான்னு ஒரு குட்டிக் குளவி. புழுவுக்குள்ளேயே முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்னு முடிச்சிடும். 1950-களில் நியூசிலாந்திலிருந்து ஜாவாவுக்குக் கொண்டு போனாங்க. விடாம மருந்தடிச்ச தோட்டத்தில் குளவியால பெருசா எதுவும் செய்ய முடியல. மருந்து அதையும்தானே கொல்லுது! குளிர் இருந்தாதான் இது நல்லா வேலை செய்யும். அதனால சமவெளியைவிட நம்ம மலைக்குத்தான் தோது. நீலகிரியில் இது இருக்கிறதை 1990-களில் ஆய்வாளர்கள் பதிவு செஞ்சிருக்காங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலைப்பகுதி முட்டைக்கோஸுக்கு இதையே பரிந்துரைக்குது. கூடவே ஹெக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி, 20 வரிசை கோஸுக்கு 1 வரிசை கடுகு. அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போகும். பொறியில் எத்தனை விழுதுன்னு எண்ணிட்டு, அப்புறம் மருந்தை யோசிங்க. டெஸ்ட் பார்த்துட்டு மருந்து எழுதுற மாதிரிதான்.

தோட்டத்தில் மருந்தடிச்சவருக்கு வேர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் வழிஞ்சு, கண்மணி ஊசிமுனையா சுருங்கினா, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. துணியை மாத்தி உடம்பைக் கழுவி விடுங்க. மருந்து பாட்டிலையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. எந்த மருந்துன்னு லேபிளைப் பார்த்தாதான் எங்களுக்கு உறுதியாத் தெரியும்.