'ஒண்ணேகால் காணி' என்றால் எத்தனை சென்ட்? பின்னத்துக்கும் முழு எண்ணுக்கும் என்ன உறவு? எளிய விளக்கம்

கடலூர் பக்கம் நிலம் பேசினால் இன்றைக்கும் 'அரைக் காணி', 'ஒண்ணேகால் காணி' என்றுதான் சொல்வாங்க. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால் 'மா', 'வேலி' கணக்கு. ஆனால் பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும். பங்கு பிரிக்கும்போது பின்னக் கணக்கு பிசகினால் நஷ்டம் நம்ம தலையில்தான் விழும்.

பின்னம் என்றால் என்ன?

ஒரு முழுசைச் சம பங்காகப் பிரித்து, அதில் எத்தனை எடுக்கிறோம் என்பதுதான் பின்னம். 3/4 என்றால் நாலு சம பங்கில் மூணு. கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. இரண்டும் ஒரே எண்ணாக வந்தால் (4/4) அது முழு 1. 8/4 என்றால் 2. ஆக, முழு எண்ணையும் பின்னமாக எழுதலாம்.

கீழே இருக்கும் எண் பெரிசாக ஆக, ஒரு பங்கு சிறிசாகும். அதனால்தான் 1/8, 1/4-ஐ விடக் குறைவு.

காணியில் போட்டுப் பார்ப்போம்

கடலூர் பக்க வழக்கில் 1 காணி என்பது 132 சென்ட், அதாவது 1 ஏக்கர் 32 சென்ட்.

* கால் காணி: 33 சென்ட்
* அரைக் காணி: 66 சென்ட்
* முக்கால் காணி: 99 சென்ட்
* ஒண்ணேகால் காணி: 132 + 33 = 165 சென்ட்

டெல்டா கணக்கில் ஒரு மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி. அதனால் கால் காணியும் ஒரு மாவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எங்கே தப்பு நடக்குது?

அப்பா வழியில் அரைக் காணி, அம்மா வழியில் கால் காணி வருது என்று வைத்துக்கொள்வோம். மேலே மேலேயும், கீழே கீழேயும் கூட்டினால் 1/2 + 1/4 = 2/6 என்று வரும். 2/6 என்றால் மூணில் ஒரு பங்கு, வெறும் 44 சென்ட். கையில் இருந்த 66 சென்ட்டை விடவே குறைவு! பங்கின் அளவைச் சமமாக்கிவிட்டுத்தான் கூட்டணும். 2/4 + 1/4 = 3/4. 99 சென்ட்.

320-இல் அடங்கிய தமிழ்க் கணக்கு

பழைய தமிழ்க் கணக்கில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கு. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் முந்திரி. அதன்படி,

* காணி (1/80): 4 முந்திரி
* மா (1/20): 16 முந்திரி
* அரைக்கால் (1/8): 40 முந்திரி
* கால்: 80 முந்திரி
* அரை: 160 முந்திரி

இப்போது எல்லாமே முழு எண், கூட்டுவது சுலபம். மாவும் காணியும் சேர்ந்தால் 20 முந்திரி, அதுதான் மாகாணி, 1/16. ரூபாய்க்கு 16 அணா இருந்தபோது ஓரணா என்பது இதே பங்குதான். 1957 ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய் 100 பைசாவாக மாறியது.

கவனிக்க: இங்கே வரும் காணி 1/80 என்ற எண். நிலக் காணி வேறு.

'ஒண்ணேகால்', 'மூணேமுக்கால்' என்பதில் நடுவில் வரும் 'ஏ'தான் கூட்டல் குறி. இந்தப் பின்னங்களுக்கான தமிழ்க் குறியீடுகள் 2019-இல் யூனிகோடிலும் சேர்க்கப்பட்டன.

நிலம் வாங்குறவங்க கவனத்துக்கு

காணி, மா அளவு ஊருக்கு ஊர் மாறலாம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் பட்டாவோடு ஒத்துப் பாருங்க. 1 ஏர் சுமார் 2.47 சென்ட். 132 சென்ட் காணி என்றால் பட்டாவில் சுமார் 53.4 ஏர் இருக்கணும்.