கடல் தாண்டிய காசு – 9: ஒரே மொழி, இரண்டு கூலி

சென்ற வாரம்: 1855 இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதையும், திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த யாழ்ப்பாணப் புகையிலைக்காரர் வரி ஏற்றத்தால் திண்டாடியதையும் பார்த்தோம். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள், பங்குபோட்ட தோட்டக்காணியோ பரப்புக் கணக்காய்ச் சுருங்கிக்கொண்டே போனது. பினாங்குத் துறையில் இரண்டு வகைத் தமிழர் கரையிறங்கிய இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். ஒரு பகுதியினர் ஜெரஜாக் தீவின் தனிமை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டு விலாசத்தைத் தேடிப் போனார்கள். பேசிய மொழியும் நெற்றியில் பூசிய திருநீறும் ஒன்றாயிருக்க, வாசல் மட்டும் ஏன் இரண்டானது?

இரும்புப் பாதையும் இங்கிலீஷ் எழுத்தும்

1885 ஜூன் 1 ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் தூரத்துக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. ஈயம் ஏற்றப் போட்ட பாதை அது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் அழைத்து வரப்பட்டார்கள். பாதை போட்டாயிற்று. இனி டிக்கெட் கிழிக்க, தந்தி அடிக்க, சரக்குக் கணக்கு எழுத, நிலம் அளக்க ஆள் வேண்டும். சீனர் ஈயச் சுரங்கத்திலும் வியாபாரத்திலும் நின்றார்கள். மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசு மலாய் மொழிப் பள்ளியைத்தான் கொடுத்திருந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்தவர் அங்கே அருமை.

வெள்ளை அதிகாரிகள் பலர் இலங்கையில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு மாறியவர்கள். பேராக்கின் முதல் ரெசிடென்ட் பேர்ச் இலங்கையிலிருந்து போனவர். பொதுவேலைப் பகுதியில் இலங்கையில் இருந்த ஸ்பூனர், பின்னர் மலாய் கூட்டு மாநில ரயில்வேயின் முதல் பொது முகாமையாளரானார். இவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் கையெழுத்துப் பழக்கமானது. ஆள் வேண்டும் என்றதும் எங்கே கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருவர் போனார். தம்பியைக் கூப்பிட்டார். தம்பி மைத்துனனைக் கூப்பிட்டான். தெல்லிப்பழை, மானிப்பாய், வட்டுக்கோட்டை, சுழிபுரம், சண்டிலிப்பாய், அளவெட்டி என்று ஊர் ஊராகப் பெடியன்கள் கப்பலேறினார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலும் செந்தூல் பட்டறையைச் சுற்றியும் ஒரு குட்டி யாழ்ப்பாணம் முளைத்தது. சங்கம் வந்தது, ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோயில் வந்தது. ஈப்போவில் 1898 மார்ச் 31 இல் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. சின்ன வயதிலேயே தாயோடு தெல்லிப்பழைக்குத் திரும்பிய அந்தப் பிள்ளையின் பெயர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் இந்தத் தொடருக்குள் மீண்டும் வருவார்.

செக்ரோலில் ஒரு பக்கம்

இனி மற்ற வாசலுக்கு வருவோம்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்களைத் தேடி அவர்களுடைய ஊரைச் சேர்ந்த கங்காணியே வந்தார். அந்தக் குடும்பங்களில் பல ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை. பண்ணைக் கடனும் பஞ்சமும் துரத்த, நாகப்பட்டினத்து முகாமில் போய்க் கூடினார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் முடிவுக்கு வந்தது. 1907 இல் தொடங்கிய குடியேற்ற நிதி அதற்குப் பதிலாக நின்றது. தோட்ட முதலாளிகள் ஆள்கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினார்கள். தொழிலாளிக்குக் கப்பல் செலவு இல்லை, கடனும் இல்லை. ஒரு மாத அறிவித்தல் கொடுத்து விலகலாம் என்று சட்டம் சொன்னது.

பார்க்க நல்ல ஏற்பாடு. ஆனால் அதே நிதி ஆண்டுதோறும் புதிய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தது. ஆள் வரவு குறையாதவரை கூலி ஏற வேண்டிய தேவை முதலாளிக்கு இல்லை. இலவசப் பயணச்சீட்டின் விலையைத் தொழிலாளி தோட்டத்தில் நின்று கட்டினான்.

ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெரட்டைப் பாருங்கள். விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நிற்கிறார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதியில் நின்றால் அரைப்பேர். வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. 1920களின் கடைசியில் முக்கியமான தோட்டப் பகுதிகளுக்கு அரசு விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் முழுப்பேர் வாங்கினால் அவனுக்கு 12 வெள்ளி, அவளுக்கு 9 வெள்ளி 60 காசு. இருவரும் சேர்ந்து 21 வெள்ளி 60 காசு. காய்ச்சலில் படுத்த நாளும் மழை பெய்து பால்மரம் வெட்ட முடியாத நாளும் கணக்கில் இல்லை. அரிசிக்கும் கடைக்கடனுக்கும் போக மிஞ்சியதுதான் ஊருக்குப் போகும்.

அந்தப் புத்தகத்தில் பேனா பிடித்த கிராணி பல தோட்டங்களில் ஒரு யாழ்ப்பாணத்தார், இன்னும் பல தோட்டங்களில் ஒரு மலையாளி. யாழ்ப்பாணத்தார் பேனா பிடித்த இடத்தில் பெயரை எழுதியவரும் தமிழ், எழுதப்பட்டவரும் தமிழ். எழுதியவருக்கு மாதச் சம்பளம், ஓட்டுவீடு. எழுதப்பட்டவருக்கு நாட்கூலி, லயத்தில் ஓர் அறை. அரசாங்கக் கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்தாருக்கு இவற்றோடு பென்சனும் உண்டு.

ஒரு வெள்ளி, ஒன்றே முக்கால் ரூபாய்

யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சம்பளம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? 1906 இல் மலாயா வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸ். அங்கே ஒரு வெள்ளி மிச்சம் பிடித்தால் இங்கே ஒன்றே முக்கால் ரூபாய்.

மணியோடர் வந்தது. தோட்டக் கிணறு கல்லால் கட்டப்பட்டது. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில் எழும்பியது. மண்வீடு நாற்சார் வீடானது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டப்படி பெண்ணின் சீதனம் பெண்ணுடைய சொத்து. ஆகவே தமையன் மலாயாவில் உழைத்த காசின் பெரும்பங்கு தங்கைமாரின் சீதனவீடாக மாறியது. தங்கைமாரைக் கரையேற்றிய பிறகே தமையன் கலியாணம் செய்தான். பல ஆண்கள் தலை நரைக்கும்வரை மற்றவருக்காகவே சம்பாதித்தார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று ஊர் சொன்னது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். வேலை முடிந்து திரும்பிய மலாயன் பென்சனியர் கோயில் திருவிழாவின் உபயகாரரானார், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் காசு கொடுத்தார், மகனை அடுத்த கப்பலுக்குத் தயார் செய்தார்.

மலாயாவில் தமிழ் பேசிய மூன்றாவது ஒரு சமூகமும் இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கியில் அமர்ந்து சீன ஈயக்காரருக்கும் மலாய் நிலக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். ரப்பர் விலை விழுந்தபோது அடகுக் காணிகள் பல அவர்கள் கைக்கு வந்தன. செட்டியாரின் பலம் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்த மூலதனம். யாழ்ப்பாணத்தாரின் பலம் இங்கிலீஷ் சான்றிதழ். தோட்டத் தொழிலாளி கொண்டுவந்தது இரண்டு கைகள்.

கெட்டித்தனம் என்ற கதை

இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாழ்ப்பாணத்தான் கெட்டிக்காரன், சிக்கனக்காரன், அதனால் உயர்ந்தான், தோட்டத்தான் கள்ளுக்கடையில் தொலைத்தான், அதனால் தாழ்ந்தான் என்று சொல்லும் கதையை நம்மில் பலர் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. இரண்டு சமூகங்களின் பணப்பையை ஒப்பிடுமுன் அவை எந்த வாசலால் உள்ளே வந்தன என்று பார்க்க வேண்டும்.

கிளாக்கரின் மகன் கோலாலம்பூரில் விக்டோரியா நிறுவனம் என்ற இங்கிலீஷ் பள்ளிக்குப் போனான். தொழிலாளியின் மகனுக்குத் தோட்டப் பள்ளி. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிற்சட்டம் சொன்னது உண்மை. அங்கே கிடைத்தது கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கணக்கு. அதை முடித்தவனுக்குத் திறந்திருந்த வேலை அப்பன் வெட்டிய அதே பால்மரம். கள்ளுக்கடையையும் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே மானிப்பாயில், அதே சுழிபுரத்தில் பனை ஏறியவரின், புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவரின், துணி வெளுத்தவரின் பிள்ளைகளில் எத்தனை பேர் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார்கள்? பள்ளிக்கூட வாங்கு அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. சேர்க்கப்பட்ட இடத்திலும் தரையில் இருத்தப்பட்டார்கள். உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று 1929–30 இல் உத்தரவு வந்தபோது அதை எதிர்த்து மனுக்கள் போயின. சில பள்ளிகள் எரிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தான் என்ற பிறப்பே கப்பலேற்றியிருந்தால் இவர்களையும் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியது பள்ளிக்கூடம். அந்தக் கதவை மூடியவர்களும் நாம்தான் என்பதை இந்தத் தொடர் மறைக்காது.

கூரை இடிக்கிறது

கிளாக்கருக்கும் ஓர் எல்லை இருந்தது. 1904 முதல் மலாயாவின் உயர் சிவில் சேவை ஐரோப்பிய வம்சத்தவருக்கே உரியது. எவ்வளவு படித்தாலும் தலைமைக் கிளாக்கர்வரைதான். 1930 இல் ரப்பரும் ஈயமும் விலை விழுந்தபோது அரசு ஆட்குறைப்பில் இறங்கியது. புதிய இடங்களில் மலாய்க்காரருக்கே முதலிடம் என்ற கொள்கையும் வலுத்தது. அந்த மண்ணின் மக்கள் தங்கள் நாட்டின் கந்தோரில் இடம் கேட்டது நியாயமே. சான்றிதழோடு கப்பலேறிய யாழ்ப்பாணப் பெடியன்கள் வேலையில்லாமல் திரும்பத் தொடங்கினார்கள்.

அதே ஆண்டுகளில் தோட்டங்களில் நடந்ததைப் பாருங்கள். 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் ஆண்களின் நாட்கூலி சில தோட்டங்களில் 30 காசுக்கும் கீழே இறங்கியது. நெருக்கடி இருவரையும் அடித்தது. ஒருவர் சீதனவீட்டுக்கும் பென்சனுக்கும் திரும்பினார், மற்றவர் விட்டு ஓடிவந்த அதே பண்ணைக்குத் திரும்பினார்.

இவ்வளவுக்குப் பிறகும் இருவரும் ஒன்றுசேரவில்லை. தம்மை இந்தியரோடு சேர்த்து எண்ணக்கூடாது என்பதில் யாழ்ப்பாணத்தார் உறுதியாக நின்றார்கள். மக்கள்தொகைக் கணக்கில் தனிக்கட்டம் கேட்டார்கள், தனிச் சங்கம் வைத்தார்கள், தனிப் பந்தியில் சாப்பிட்டார்கள்.

1941 இல் அந்தப் பிளவு வெடித்தது. சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர். எச். நாதனைப் போன்றோரின் தலைமையில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குத் தருவதையே எமக்கும் தா என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், எங்கள் பெண்களைத் தொடாதே என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரை வந்தாலும் தோட்டத்து ஆசிய உத்தியோகத்தர் வந்தாலும் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

துரைக்கு மட்டும் இறங்கியிருந்தால் அது வெள்ளையன் ஆட்சியின் கதை. தமிழ் பேசிய கிராணிக்கும் இறங்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். பெரட்டு மறுபடி கூடியது, செக்ரோல் மறுபடி திறந்தது.

ஏழே மாதங்கள். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜப்பானியப் படை கோத்தா பாருக் கரையில் இறங்கியது. ஜனவரி 11 இல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோர்களில் மலாயா மணியோடர் ஒரேயடியாக நின்றது. துரைமார் தப்பி ஓடினார்கள், சிறைப்பட்டார்கள். கிராணி மட்டும் புத்தகத்தோடு தோட்டத்தில் நின்றார்.

புதிய எசமானருக்கு சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில்பாதை வேண்டும். காடு வெட்ட ஆயிரமாயிரம் ஆட்கள் வேண்டும். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டளை வந்தது. யார் யார் போவது என்று பெயர் எழுத வேண்டிய பேனா யாருடைய கையில் இருந்தது? சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களின் பெயர்களை அந்தப் பேனா எழுதியதா, எழுத மறுத்ததா?

(அடுத்த வாரம்: சயாம் பட்டியல்)