கவர்னரின் புத்தகமும் கீழ்க்கோர்ட்டு ஜட்ஜின் பதிலும்

1869-ம் வருஷம். காசியில் கீழ்க்கோர்ட்டு ஜட்ஜாக இருந்த சையத் அகமது கான் வீட்டை அடகு வைத்தார், ஆசையாகச் சேர்த்த புத்தகங்களை விற்றார், லண்டனுக்குக் கப்பல் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய வயதில் இது தேவையா என்று ஊரே கேட்டிருக்கும். மகனைப் படிக்கவைக்கிறேன் என்பது ஒரு காரணம். மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு காரணம், ஒரு புத்தகம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் சாதாரண ஆசாமி இல்லை. காசியையும் சேர்த்து வடமேற்கு மாகாணம் முழுவதையும் அப்போது ஆண்டுகொண்டிருந்த லெப்டினன்ட் கவர்னர், சர் வில்லியம் மியூர். அதாவது, நம் ஜட்ஜுக்குப் பெரிய முதலாளி!

மியூர் ஸ்காட்லாந்துக்காரர். 1819-ல் கிளாஸ்கோவில் பிறந்து, பதினெட்டு வயதில் கம்பெனி உத்தியோகத்துக்கு இந்தியா வந்தவர். நிலவரி, ஃபைல், கச்சேரி என்று பகல் போகும். மிச்ச நேரத்தில் அரபி படித்தார். ஆக்ராவில் பிஃபாண்டர் என்றொரு ஜெர்மன் பாதிரியார் இருந்தார். 1854-ல் மௌலவி ரஹ்மத்துல்லாவோடு பொதுமேடையில் வாதம் செய்து பெயர் 'வாங்கிய' அதே பிஃபாண்டர்தான். நபிகள் நாயகத்தின் சரித்திரத்தை, முஸ்லிம்களே ஒப்புக்கொள்ளும் மூல நூல்களை வைத்து எழுதவேண்டும் என்று மியூரைத் தூண்டியவர் அவர்.

ஆக, நோக்கம் மதப் பிரசாரம். ஆனால் வேலை என்னவோ அசுர வேலை.

அதுவரை ஐரோப்பாவில் நபிகளைப் பற்றி எழுதியவர்களில் பலர், சிலுவைப்போர் காலத்துக் கட்டுக்கதைகளையோ ரொம்பப் பிற்காலத்துத் தொகுப்புகளையோதான் நம்பினார்கள். மியூருக்கு அதிர்ஷ்டம் வேறு மாதிரி இருந்தது. ஸ்ப்ரெங்கர் என்ற ஆஸ்திரிய அறிஞர், பழைய அரபி ஏடுகளை இந்தியாவிலேயே தேடித் துருவிக் கண்டெடுத்திருந்தார். இப்னு சஅத், தபரி போன்ற ஆரம்பகாலச் சரித்திரக்காரர்களின் ஏடுகள்! மியூர் அவற்றை வரி வரியாகப் படித்தார். நடுவில் 1857 புரட்சி. ஆக்ராவில் பிரிட்டிஷாரின் உளவுத்துறையை நடத்தியவரே இவர்தான். புரட்சி அடங்கிய 1858-ல் முதல் இரண்டு பாகங்கள் வந்தன, 1861-ல் அடுத்த இரண்டு.

உளவுத்துறை அதிகாரியின் புத்தி சரித்திரத்திலும் வேலை செய்ததோ என்னவோ! மியூர் ஒரு விதி வைத்திருந்தார். நபிகளை உயர்த்திச் சொல்லும் செய்தி என்றால் பக்தர்கள் கட்டியதாக இருக்கலாம், சந்தேகப்படு. குறைவாகக் காட்டும் செய்தி என்றால் அதை எந்த பக்தனும் கட்டியிருக்கமாட்டான், நம்பு. கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்படிச் சலித்தால் சல்லடையில் கடைசியாக என்ன மிஞ்சும்? நல்லதெல்லாம் கீழே போய், குற்றச்சாட்டு மட்டும்தான் மிஞ்சும். மியூரின் முடிவுரையும் அப்படித்தான் இருந்தது. உலக நாகரிகத்துக்கே இஸ்லாம் முட்டுக்கட்டை என்று எழுதி முடித்தார்.

லண்டனில் உட்கார்ந்து இதைப் படித்த சையத் அகமது கானுக்கு நெஞ்சு எரிந்தது. பிச்சை எடுக்க நேர்ந்தாலும் சரி, பதில் எழுதாமல் விடமாட்டேன் என்று 1869 ஆகஸ்டில் ஊருக்குக் கடிதம் போட்டார். இத்தனைக்கும் அவர் பிரிட்டிஷாரின் விரோதி இல்லை. புரட்சியின்போது பிஜ்னோரில் வெள்ளைக்காரக் குடும்பங்களைக் காப்பாற்றியவர். 'விசுவாசி' என்று சொந்த ஜனங்களிடமே ஏச்சு வாங்கியவர்.

கூச்சல் போடவில்லை மனிதர். லைப்ரரிகளில் போய் உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. அதனால் உருதுவில் எழுதி, ஆள் வைத்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அச்சுக்கூலியும் கொடுக்கவேண்டும். கையில் காசு கரைந்தது. வீட்டிலிருக்கும் செம்புப் பாத்திரங்களை விற்றாவது பணம் அனுப்பு என்று நண்பர் மெஹ்தி அலிக்கு எழுதினார்.

1870-ல் லண்டனிலேயே பதில் வெளிவந்தது. அதன் பலம் எங்கே என்றால், சண்டையை மியூரின் களத்திலேயே போட்டதுதான். நீங்கள் மூல நூல் என்று தூக்கிப் பிடிக்கிற வாகிதி போன்றவர்கள் கேட்டதையெல்லாம் எழுதிவைத்தவர்கள். அவர்களின் நம்பகத்தன்மை பற்றி எங்கள் ஹதீஸ் அறிஞர்களே என்றைக்கோ கேள்வி எழுப்பிவிட்டார்கள். ஒரு செய்தியை எடைபோட அது பாராட்டா, பழியா என்று பார்க்காதீர்கள், சொன்னவன் யார், யாரிடம் கேட்டான் என்று பாருங்கள் என்றார். சில இடங்களில் அவரும் வக்கீல் மாதிரி தன் கட்சிக்காக ரொம்பவே வாதாடுகிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் கவர்னரின் கீழ் சம்பளம் வாங்கும் ஒருவர், சொந்தப் பெயரில், கவர்னரின் நாட்டுத் தலைநகரான அந்த லண்டனிலேயே மறுப்பு அச்சடித்தாரே, அந்தத் துணிச்சல் லேசுப்பட்டதா?

சரி, கவர்னர் சும்மா விட்டாரா?

விட்டார். 1870 அக்டோபரில் இந்தியா திரும்பிய சையத், மறுபடி காசியில் அதே ஜட்ஜ் வேலைக்குப் போனார். மியூர் 1874 வரை கவர்னராக இருந்தார். இந்திய மொழிகளில் நல்ல புத்தகம் எழுதினால் பரிசு என்று அறிவித்தவரும் இதே மியூர்தான். உருதுவின் முதல் நாவல் என்று பலரும் சொல்லும் கதையை எழுதிய நசீர் அகமதுவுக்கு அவர் அரசாங்கம் 1000 ரூபாய் கொடுத்தது. முஸ்லிம்களின் மதத்தைப் பற்றி அப்படி எழுதிய பேனாவே, முஸ்லிம் எழுத்தாளருக்குப் பரிசுக்கும் கையெழுத்துப் போட்டது. மனிதர்களை ஒரே வர்ணத்தில் தீட்டமுடிவதில்லை, என்ன செய்ய!

ஓய்வுக்குப் பிறகு மியூர் கலீபாக்களின் சரித்திரம், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சரித்திரம் என்று எழுதித் தள்ளினார். 1885 முதல் 1903 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவர். 1905-ல் இறந்தார். சையத் 1875-ல் அலிகாரில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அது கல்லூரியாகி, 1920-ல் பல்கலைக்கழகம் ஆனது. மியூர் பெயரில் அலகாபாத்தில் எழுந்த கல்லூரியிலிருந்து 1887-ல் ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது.

லண்டனுக்குப் படிக்கப்போன மகன் சையத் மஹ்மூத் என்ன ஆனார் என்கிறீர்களா? கேம்பிரிட்ஜில் படித்தார், பாரிஸ்டர் ஆனார். அதே 1887-ல், அதே அலகாபாத்தில், ஹைகோர்ட் ஜட்ஜ் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.