சொல்லும் வாணிகமும்: பால்மரக் காட்டிலிருந்து கார்க் கடை வரை

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகள் மலாயாவின் வரலாற்றுப் போக்கையே மாற்றின. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கர உறைக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் ஃபோர்டு நிறுவனம் 'டி' வகைக் காரை வெளியிட்டது. கார்கள் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகியது. கப்பலேறி வந்த தமிழர், இருள் விலகுமுன் எழுந்து சேர்த்த பால், சக்கரமாகி உலகைச் சுற்றியது. எனினும், தோட்டத்தில் கார் துரைக்கே உரியது. தொழிலாளிக்கு மிதிவண்டியே பெருஞ்செல்வம்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; சில செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் குடியேறிய குடும்பங்களுக்குக் கார் படிப்படியாகத் தேவையாயிற்று.

கார்க் கடையின் வாயிலில் நிற்பவருக்கு இயந்திர நுட்பம் தெரியாது. ஒப்பந்தமோ அவர் படிக்கும் தமிழில் இல்லை. ஆகவே, அவர் படிக்கக்கூடிய ஏடு விற்பனையாளரின் முகம் ஒன்றே. தேய்ந்த செருப்பைக் கண்டு முகம் திருப்புபவரிடம் அவர் வாங்குவதில்லை. இருக்கை தந்து, பொறுமையாய் விளக்குபவரிடமே வாங்குகிறார். காரும் ஒன்றே, விலையும் ஒன்றே. முடிவு மட்டும் வேறாகிறது.

ஆயினும் இன்சொல்லே சில வேளை வலையும் ஆகும். முன்பணம் சிறிதென்று கூறி, மொத்தக் கடனை மறைப்பாரும் உண்டு. தவணை முறையில், கடைசித் தவணை தீரும்வரை கார் நிதி நிறுவனத்துக்கே சொந்தம். தவணை தவறினால் காரும் போகும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணமும் கரையும்.

இந்நிலையில்தான் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் பிறந்து, 1968இல் நடைமுறைக்கு வந்தது. செலவுக் கணக்கை முன்னதாகவே எழுத்தில் தரவேண்டும் என்றது அச்சட்டம். அதனினும் சிறப்பான விதி ஒன்றுண்டு. விற்பனையாளர் வாய்மொழியாகப் பொய்யுரைத்து வாங்கச் செய்திருந்தால், அச்சொல் நிதி நிறுவனத்தின் முகவர் சொன்னதாகவே கொள்ளப்படும். வாங்கியவர் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை பெறுவார். கடைவாயிலில் காற்றோடு போன சொல்லுக்குச் சட்டம் இவ்வாறு எடை தந்தது.

1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. உள்நாட்டுக் கார் நடுத்தர வருவாயினருக்கும் எட்டியது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மயக்கும் நடத்தையையும் பொய்க் கூற்றையும் தடைசெய்தது.

இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், வணிகரின் நேர்மையை நடுவுநிலைமையில் வைத்துப் பேசினார். இன்சொல் வாங்குபவரை உள்ளே அழைக்கும். நேர்மையே அவரை ஏமாறாமல் வீடு சேர்க்கும். விற்பவர் இரண்டையும் கற்கட்டும். வாங்குபவர், கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்கவோ படித்தாரைக் கேட்கவோ கற்கட்டும். பால்மரத்தடியில் தொடங்கிய நெடும்பயணம் ஒரு கையொப்பத்தால் கவிழ்ந்துவிடலாகாது.